கிடாய் வெட்டிய இடத்துக்குச் சிங்கம் வந்தது: கிர் காட்டுப் பயணம்

டில்லியில் பிரதமராக இருந்த அம்மாவைச் சுட்டார்கள். நம் முதலமைச்சர் அமெரிக்க ஆஸ்பத்திரியில் கிடந்தார், கிடந்தபடியே தேர்தலிலும் ஜெயித்தார். அதை ஒட்டி வந்த தை மாதம்தான் நாங்கள் குஜராத்தில் இருக்கிற கிர் காட்டுக்குப் போனது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள். அங்கே போக நினைக்கிறவர்களுக்கு உபயோகப்படட்டும்.

சுற்றிப் பார்க்கப் போகவில்லைங்க, தண்ணீருக்குப் போர் போடப் போனோம். பூமியில் துளை போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத சீமை ஏது? காட்டு ஓரத்துக் கிராமம் ஒன்றில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று ஆர்டர் வந்தது. ரிக் லாரி ஒன்று, கம்ப்ரசர் லாரி ஒன்று, எட்டு ஆள். நான் கம்ப்ரசர் ஓட்டுகிறவன். பெரிய டிரைவர் மாரப்பன். ராடு மாட்டுகிற ஆட்களில் ஒருத்தர் செங்கோடன், என் தங்கச்சி வீட்டுக்காரர். கல்யாணமாகி ரெண்டே மாதம். “பத்திரமாக் கூட்டியாந்துருங்கண்ணா” என்று தங்கச்சி என்னிடம் சொல்லித்தான் அனுப்பினாள்.

பெங்களூர், புனே, சூரத், ராஜ்கோட் வழியாக ஜுனாகத். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அத்தனை பாரத்தோடு ஒன்பது நாள் பிடித்தது. ஜுனாகத்திலிருந்து காடு ஐம்பது அறுபது கிலோமீட்டர். பொழுது சாய்ந்தால் சோதனைச் சாவடியைப் பூட்டிவிடுவார்கள், அதனால் காலையில் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள்.

கொல்லிமலை மாதிரி இருட்டுக் காடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் நம்ம மேட்டுக்காடு மாதிரி கிடக்கிறது. கல்லும் முண்டுமான மேடு, இலை உதிர்ந்த தேக்கு, வேல மரம், இடுப்பளவு காய்ந்த புல். புள்ளிமான் ஆட்டுப்பட்டி போல மேய்கிறது. குதிரையா மாடா என்று தெரியாத ஒன்று குறுக்கே ஓடியது. நீலகாய் என்றார்கள்.

“இந்தப் புல்லுக்குள்ள சிங்கம் எங்க ஒளிஞ்சுக்கும்?” என்று கேட்டேன்.

“சிங்கம் பாக்கோணும்னா சேலத்துல சர்க்கஸ் வரும்போது போயிருக்கலாம். டீசலாவது மிச்சம்” என்றார் மாரப்பன்.

எங்கள் ரிக் புது வண்டி, அதற்கு அதுதான் முதல் போர். புது வண்டி என்றால், துளை போடப் பாயின்ட் வைத்த இடத்தில் கிடாய் வெட்டி, ரத்தத்தை டயருக்கும் ராடுக்கும் தடவினால்தான் எங்கள் ஆட்கள் சுவிட்சையே தொடுவார்கள். முதலாளியும் ஊரிலிருந்து அதைச் சொல்லித்தான் விட்டார். ஜுனாகத்தில் ஒரு குட்டிக் கிடாய் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி, லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். ஊருக்கு வெளியே, ஓடைக்குப் பக்கத்தில் பாயின்ட். மத்தியானம் வெட்டினோம்.

அந்தப் பக்கம் எருமை மேய்த்துக்கொண்டிருந்த வெள்ளைத் தலைப்பாகைக்காரர் ஒருத்தர் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். சைவக்காரர்கள் ஊர், கறி அறுத்ததற்குத் திட்டுகிறார் என்றே நினைத்தோம். “சாமி, உங்களுக்குத் தர மாட்டோம், பயப்படாதீங்க” என்று மாரப்பன் தமிழிலேயே பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

கிடாயை உரித்து ரிக்கின் கம்பியில் தொங்கவிட்டாச்சு. செங்கோடன் குடலைப் போசியில் போட்டு அலசுவதற்கு ஓடையில் இறங்கினார். இருபது இருபத்தைந்து அடி தள்ளி இருக்கும். நான் எதேச்சையாகத் திரும்பினேன். லாரிக்கும் ஓடைக்கும் நடுவில் புல் எழுந்து நின்றது. புல் இல்லை, சிங்கம். பிடரியோடு, கன்றுக்குட்டி உயரம்.

நான் கம்ப்ரசர் லாரிக்குள் தாவி ஏறினேன். நாலைந்து பேர் ரிக் மேல் ஏறிவிட்டார்கள். செங்கோடனுக்கு வழியே இல்லை.

“மாப்ள, அசையாதீங்க!” என்றேன்.

“அசையற மாதிரியா இருக்குது?” என்றார் அங்கிருந்து, போசியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

“அந்தக் குடலைக் கீழ போட்டுத் தொலைங்க!” என்று மாரப்பன் கத்தினார்.

“போட்டா அதத் தின்னு முடிச்சுட்டு என்னைக் கேக்குமுங்க!”

கம்ப்ரசரை ஸ்டார்ட் பண்ணினால் சத்தத்துக்கு மிரண்டு ஓடும் என்று ஒருத்தர் சொன்னார். கை சாவியில் இருக்கிறது. மிரண்டால் எந்தப் பக்கம் ஓடும்? லாரி இந்தப் பக்கம், மாப்பிள்ளை அந்தப் பக்கம். சாவியைத் திருக எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் அந்தத் தலைப்பாகைக்காரர் வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். கையில் ஒரு தடி. நாக்கால் சொடக்குப் போட்டு, மாட்டைத் திருப்புகிற குரலில் என்னமோ சொல்லிக்கொண்டே சிங்கத்தைத் தாண்டிப் போனார். செங்கோடனின் கையைப் பிடித்து, முதுகைக் காட்டாமல் அடிமேல் அடி வைத்து, சுற்றிக் கம்ப்ரசர் லாரிப் பக்கம் கூட்டி வந்தார். சிங்கம் அவர்களைப் பார்க்கவே இல்லை. நேராக ரிக்குக்கு வந்து, மேலே ஏறி நின்றவர்கள் காலுக்குக் கீழேயே தொங்கின கிடாயை ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு போனது. வண்டியே ஆடியது.

மூச்சு விட்டோம். தலைப்பாகைக்காரர் தடியால் ஓடைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார். செங்கோடன் குந்தியிருந்த இடத்துக்குப் பின்னால், நான்கு எட்டில், புல்லுக்குள்ளிருந்து ரெண்டு பெண் சிங்கம் எழுந்து, ஆண் சிங்கத்தின் பின்னால் போயின. அவ்வளவு நேரமும் அங்கேயே படுத்திருந்திருக்கின்றன. செங்கோடன் பார்த்தார். அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

டயரில் தடவிய ரத்தத்தை, வாடை போக, ஊர்க்காரர்களோடு சேர்ந்து சாணியும் தண்ணீரும் போட்டுக் கழுவினோம். மறுநாள் போர் போட்டோம், தண்ணீர் வந்தது.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில், ஆனி பிறந்ததிலிருந்து புரட்டாசி முடிய காடு மூடியிருக்கும். ஜீப்பும் அனுமதியும் முன்கூட்டியே போட வேண்டும். மார்கழி, தை குளிர், கம்பளி எடுத்துப் போங்கள். சிங்கம் பார்க்க சித்திரை வெயில்தான் நல்லது என்கிறார்கள், தண்ணிக்கு வருமாம். ஜீப்பை விட்டு இறங்காதீர்கள். கறி எடுத்துப் போகவே போகாதீர்கள். புல் சும்மா கிடக்கிறது என்று நம்பாதீர்கள்.

மாரப்பன் காலமாகிப் பத்து வருஷம். முதலாளியும் போய்விட்டார், ராடு மாட்டின மற்ற ஆட்களும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போனார்கள். அந்த எட்டுப் பேரில் என்னை விட்டால் மிச்சம் ஒரே ஆள். பரமத்தி வேலூரில், அதற்கப்புறம் பிறந்த மகள் வீட்டில், பேரன் பேத்தியோடு இருக்கிறார் செங்கோடன்.