திரும்பாதீங்க மச்சான்

செய்கு அலாவுதீன் காக்காவைப் பற்றி வேறு யார் எழுதினாலும் தங்கமான மனுஷர் என்று முடித்துவிடுவார்கள். நான் அப்படி எழுதப் போவதில்லை. அவர் ஒரு ஏமாளி. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

காக்கா காயல்பட்டினத்துக்காரர்; எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். குவைத்தில், ஃபஹாஹீலில் கார் பேட்டரி கடை வைத்திருந்தார். நான் அதே குவைத்தில் ஃபர்வானியாவில் அதே கம்பெனி பேட்டரியை விற்கிறவன், அதே ஊர்க்காரன். கடையை உண்டாக்கியவர் காக்கா. லைசென்ஸ் மட்டும் இந்த நாட்டு முறைப்படி கஃபீல் என்கிற உள்ளூர் அரபி ஸ்பான்சர் பெயரில். மனைவியின் தம்பி ஹசன் அலிக்கு விசா எடுத்து, தன் ரூமிலேயே தங்கவைத்து, தொழிலும் பழக்கினார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண்வீட்டோடுதான் இருப்பார். லீவில் போனால் காக்கா இறங்குவது ஹசன் அலியின் உம்மா வீட்டில். மச்சினனோடு முறைத்துக்கொண்டால் ஊரில் எந்த முகத்தோடு போய்ச் சோறு தின்பது?

போன வருஷம் நல்ல வியாபாரம். கம்பெனி எங்களை நார்வேக்குச் சுற்றுலா கூட்டிப்போனது, கடைக்கு இரண்டு பேர். காக்கா தன் மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸைத்தான் அழைத்திருந்தார்; எனக்கு லாத்தா, அக்கா முறை. "தம்பி எங்கே இதெல்லாம் பாத்தான்? அவனைக் கூட்டிட்டுப் போங்க" என்று லாத்தா விட்டுக்கொடுத்துவிட்டார்.

அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. சூரியன் மறைந்ததும் தொழ வேண்டிய மஃரிபை எப்போது தொழுவது என்று எங்களுக்குள் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. கடைசி நாள், நடுராத்திரி வெயிலில் கயாக் ஓட்டக் கடலுக்குக் கூட்டிப்போனார்கள். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே உட்காரும் ஒல்லிப் படகு. எங்களில் யாரும் துடுப்பைத் தொட்டதில்லை. வழிகாட்டிப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள்: "சேர்ந்து துடுப்புப் போடுங்கள். முன்னால் இருப்பவர் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்க்கவே கூடாது. கவிழ்ந்துவிடும்."

"மச்சான், நீங்க முன்னாடி உக்காருங்க. நல்லாப் பாக்கலாம்" என்றான் ஹசன் அலி. காக்காவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, எம் மச்சினனோட மரியாதைய!" என்று என்னிடம் பெருமையடித்தார்.

நடுக்கடலில் காற்றில்லை. என் படகு அவர்கள் பக்கத்திலேயே போனதால் பேச்செல்லாம் காதில் விழுந்தது.

"மச்சான், ஒரு விஷயம். இனிமே கடையை நான் நடத்துறதா கஃபீல்கிட்ட பேசி முடிச்சாச்சு. கம்பெனிக்கும் சொல்லியாச்சு. நீங்க வேணும்னா சம்பளத்துக்கு நில்லுங்க."

காக்காவின் துடுப்பு நின்றது. படகும் நின்றுபோனது. அதுவரை அவர் ஒருவர்தான் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எப்பலேருந்துடா?"

"நோம்புக்கு முன்னாடியே."

"நோம்பு பூரா ஒரே சஹன்ல கைவச்சுத் தின்னோமேடா!"

ஒரே தட்டில் சேர்ந்து சாப்பிடுவது எங்களுக்குச் சத்தியம் செய்தது மாதிரி. காக்கா அவன் முகத்தைப் பார்க்கத் திரும்பினார். படகு ஒருபக்கமாய்ச் சாய்ந்தது.

"திரும்பாதீங்க மச்சான், கவுந்துரும்!"

அடப்பாவி! கரையில், கடையில், ரூமில் எங்கேயும் சொல்லாதவன், முகத்தைப் பார்க்க முடியாத இடமாகத் தேடிப்பிடித்துச் சொல்லியிருக்கிறான். நானாக இருந்தால் கவிழ்த்தே விட்டிருப்பேன். காக்கா அதற்குமேல் திரும்பவில்லை. கண்ணைக்கூடத் துடைக்காமல் கரைவரைக்கும் அந்தத் துரோகியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இறங்கியதும் போன் அடித்தது. ஊரில் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு மாமியார் ரஹீமா பீவி வீடியோவில் வந்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருக்கீங்க?"

காக்கா ஹசன் அலியின் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டார். "இந்தா பாருங்க மாமி, ஒங்க மவன்."

"எம் புள்ளைய நீங்கதான் பாத்துக்கிடணும் மாப்பிள்ளே."

"பாத்துக்கிடுறேன் மாமி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போன் அணைந்ததும் கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது காக்காவுக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் பேட்டரி மாற்றும் வேலை, சம்பளத்துக்கு. வீட்டில் சொல்லியிருப்பது வேறு: ஷார்ஜாவில் புது பிராஞ்ச், ஃபஹாஹீலை ஹசன் பார்த்துக்கொள்கிறான். மனைவிக்கும் அதே கதைதான். "மாமி மனசு ஒடஞ்சிரும். நீ வாயத் தொறக்கப்படாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. லாத்தா, உங்களுக்காகப் போட்ட சீட்டில் உட்கார்ந்து போனவன்தான் இதைச் செய்தான். அடுத்த லீவில் அவன் வரும்போது முகத்துக்கு நேரே நிற்கவைத்துக் கேளுங்கள்.