மீன்கடை ரென்ஸ்கேயின் பாம்பு

காட் மீனின் வயிற்றில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துகிறார் ரென்ஸ்கே. "சினை இருக்கு. இது பொண்ணு." அடுத்ததை அழுத்துகிறார். "இது ஆம்பளை, உங்களுக்கு வேணாம்." லேவார்டன் நகரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் மீன்சினை தேடி வருகிறவர்கள் வேறு கடைக்குப் போவதில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த விரல் ஏமாந்து யாரும் பார்த்ததில்லை.

வயது அறுபத்தொன்று. குள்ளம். பேரம் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லமாட்டார். கத்தியை எடுத்துத் தீட்டத் தொடங்குவார். மதியச் சாப்பாட்டுக்குத் தன் கடை மீனைத் தொடுவதில்லை. பக்கத்துக் கடை டுர்க்கிடம் கிராம்பு போட்ட சீஸ் ஒரு துண்டு வாங்கி ரொட்டிக்குள் வைத்துக்கொள்வார். "நாள் பூரா மீனை வித்தாச்சு, தின்னவும் வேணுமா?"

டுர்க்குக்கு அவரைச் சீண்டாமல் பொழுது போகாது. "ஊரு மீனுக்கெல்லாம் ஆம்பளை, பொண்ணு சொல்ற. வீட்டுல இருக்கிற பாம்பு என்னன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கற."

வீட்டில் இருப்பது செம்மண் நிறத்தில் ஒரு சோளப்பாம்பு. நான்கடி நீளம், விஷமில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன், யாரோ வாடகை வீட்டைக் காலி செய்தபோது விட்டுவிட்டுப் போனது. கொண்டுவந்தவர் கணவர் வோபே. ஏல்கே என்று பேர் வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பேர். அன்றைக்கே தகராறு. வால் நீளம், ஆண்தான் என்றார் ரென்ஸ்கே. இவ்வளவு பிடிவாதம் பெண்ணுக்குத்தான் வரும் என்றார் வோபே. தோற்றவர் ஒரு வருஷத்துக்குத் தினமும் முதலில் எழுந்து காபி போடவேண்டும் என்று பந்தயம். டாக்டரிடம் காட்டினால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் இருவருக்கும் தெரிந்துகொள்வதைவிடச் சண்டை பிடித்திருந்தது. இரவுச் சாப்பாட்டில் பேச எதுவும் இல்லாதபோது யாராவது ஒருவர் ஏல்கே பேச்சை எடுப்பார். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில், மாடிப்படியில் வோபேயின் இதயம் நின்றுபோனது.

இந்த மார்ச்சில் ஏல்கே சாப்பாட்டை நிறுத்தியது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து, குளிர் விட்டதும் போட்ட எலி அப்படியே கிடந்தது. ஆறாவது வாரம், உடம்பின் பின்பாதி புடைத்திருந்தது. ரென்ஸ்கே விரலை வைத்துப் பார்த்தார். மீனில் தெரிகிற எதுவும் பாம்பில் தெரியவில்லை.

மிருக வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஹோக்ஸ்ட்ரா என்ற பெண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பொண்ணா இருந்தா முட்டை. துணை சேராமலே முட்டை வைக்கும், சில சமயம் உள்ளேயே சிக்கிக்கும். ஆம்பளையா இருந்தா கட்டி. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. வாலடியில மெல்லிசா ஒரு கம்பி விட்டுப் பாக்கணும். ஆம்பளைன்னா ஆழமாப் போகும், பொண்ணுன்னா ரெண்டு மூணு செதிலோட நின்னுடும். கொஞ்சம் அசைஞ்சா உள்ளே கீறும், அதையும் சொல்லிடறேன்."

"நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கு வாங்க. அதுக்கு மேல தள்ளாதீங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரென்ஸ்கே வழக்கம்போலக் கடை விரித்தார். பத்து மணிக்குள் மூன்று பேருக்கு மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தார். டுர்க் கவனித்துவிட்டு வந்து நின்றார்.

"என்ன, டாக்டர் பயமுறுத்தினாரா?"

ரென்ஸ்கே விஷயத்தைச் சொன்னார்.

"கம்பியை விட்டுப் பாத்துட வேண்டியதுதானே. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

ரென்ஸ்கே மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "எல்லாக் கணக்கையும் முடிச்சாச்சு டுர்க். அவரு சட்டையெல்லாம் கொடுத்தாச்சு. போனை நிறுத்தியாச்சு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல முடியாம நிக்கிறது இந்தச் சண்டை ஒண்ணுதான்."

டுர்க் கொஞ்ச நேரம் சீஸ் துணியை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். "சரி. ஆனா ஏல்கே உள்ளுக்குள்ளே வலியோட கிடக்குதே."

"அதான்" என்றார் ரென்ஸ்கே. கத்தியைக் கழுவி வைத்தார். "கடையைப் பாத்துக்க. யாராவது சினை கேட்டா அடுத்த வெள்ளிக்கிழமை வரச்சொல்லு."

டாக்டரின் மேஜையில் பாம்பின் தலைப்பக்கத்தை ரென்ஸ்கேயே பிடித்துக்கொண்டார். கம்பி மூன்று செதில் ஆழத்தில் நின்றது. டாக்டர் இன்னொரு பக்கமும் விட்டுப் பார்த்தார். அங்கேயும் மூன்று. "பொண்ணு" என்றார்.

ரென்ஸ்கே தலையை ஆட்டினார். "அவருதான் சொன்னாரு" என்றார். யார் என்று டாக்டர் கேட்கவில்லை. ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். முட்டைகள் வந்தன, பதினொன்று. மஞ்சள் பாரித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. எதிலும் உயிரில்லை. தாய் பிழைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, மறுநாள் பக்கத்து ஊர்ச் சந்தைக்கான பனிக்கட்டிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிய கையோடு ரென்ஸ்கே போனார்.

"தூக்கிட்டுப் போகலாம்" என்று டாக்டர் கூடையைத் திறந்தார்.

ரென்ஸ்கே தூக்கவில்லை. மூலையிலிருந்த குழாயில் வெந்நீரைத் திறந்து, முதுகைக் காட்டியபடி, விறைத்த கைகளை நீட்டிக்கொண்டு நின்றார். கை சூடாக வேண்டிய நேரத்துக்கு மேலேயே நின்றார். பிறகு ஒவ்வொரு விரலாகத் துடைத்து, இரண்டு கையையும் கூடைக்குள் விட்டார்.

"வாடி" என்றார்.