ஜெபக் குறிப்பு

பெருமாள்மலைக்குச் சற்று மேலே, மிஷனரிகள் வந்து தங்கும் ஓய்வு இல்லம் ஒன்று இருக்கிறது. ஆனந்தி அங்கே பதினாறு வருடங்களாகச் சமைக்கிறார். வடக்கே ஊழியம் செய்து உடம்பும் மனமும் தளர்ந்து வருகிறவர்கள் நாற்பது நாள் தங்கலாம். இல்லத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு: வந்திருப்பவர்களை யாரும் ஜெபிக்கச் சொல்லக் கூடாது. வேறெங்கே போய் உட்கார்ந்தாலும் ஒரு மிஷனரியிடம் "ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டுவிடுவார்கள். இங்கே சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பதுகூட ஆனந்திதான்.

ஆனந்தியின் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். கணவர் சுப்பையா இறந்தபின் ஆனந்தி இல்லத்திலேயே ஓர் அறையில் இருக்கிறார். அவரைப் பரிவு மிகுந்தவர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. யாருக்கு வெள்ளனே சுடுதண்ணீர் வேண்டும், யாருக்குக் காரம் ஆகாது என்பதை மறக்க மாட்டார். பரிவில் பெரும்பகுதி அதுவாகவே இருக்கலாம்.

போன ஜூனில் லாவண்யா வந்தார். ஒடிசாவில் ஒரு மலைக் கிராமத்தில் ஒன்பது வருடம் நர்ஸாக ஊழியம் செய்தவர். அந்தப் பங்குனியில் தன் கையால் பிரசவம் பார்த்த மூன்று குழந்தைகள் ஒரே வாரத்தில் காய்ச்சலில் போய்விட்டன. முதல் வாரம் சாப்பாட்டுக்கு மட்டும் அறையை விட்டு வந்தார். எட்டாம் நாள் சமையலறைக்கு வந்து பட்டர் பீன்ஸ் உரிக்க உட்கார்ந்தார். பாதிக் கூடை முடிந்தபோது, நிமிராமலே சொன்னார்.

"மூணு மாசமா எனக்கு ஜெபம் வரலைக்கா. கண்ண மூடுனா சும்மா இருட்டாக் கெடக்கு."

ஆனந்தி கூடையை அவர் பக்கம் நகர்த்தினார். "அது வாரப்ப வரட்டும் சிஸ்டர். இந்தப் பீன்ஸையாவது முடிங்க, இல்லாட்டி ராவைக்குக் கூட்டு இல்ல" என்றார். லாவண்யா சிரித்தார். அதன்பின் தினமும் சமையலறைக்கு வந்தார். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்குழு. பேருந்து நிறுத்தத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அன்னக்கொடி வீட்டில் கூடுவார்கள். முறை சுற்றி வரும்போது, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். அன்னக்கொடி அதை நோட்டில் எழுதிக்கொள்வார். தெருவில் சொல்லக் கூடாததை ஜெபத்தில் சொல்லலாம் என்பது அவர்களுக்குள் இருந்த வழக்கம். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆனந்திக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. "பேரு வேணாம். ஒரு ஊழியக்காரச் சகோதரி. ஜெபிக்க முடியாமத் தவிக்காங்க" என்றார். இல்லத்தில் அப்போது தங்கியிருந்த சகோதரி ஒருவர்தான்.

குறிப்பு குழுவின் வாட்ஸ்அப்புக்குப் போனது. அங்கிருந்து, லாவண்யாவை அனுப்பித் தாங்கிவந்த மதுரைச் சபைக்கும் போனது. ஞாயிறு மதியத்துக்குள் லாவண்யாவின் போனில் முப்பதுக்கு மேல் ஆறுதல் வசனங்கள் வந்துவிட்டன. அதை ஆனந்தியிடம் நீட்டினார்.

"நீங்களாக்கா?"

"ஜெபத்துக்குத்தான் சொன்னேன் சிஸ்டர்."

"தெரியும்" என்றார் லாவண்யா. கோபித்திருந்தால் ஆனந்திக்கு எளிதாக இருந்திருக்கும்.

திங்களன்று அன்னக்கொடி இரண்டு பெண்களோடு பிளம்ஸ் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிஸ்டர் தூங்குகிறார் என்று ஆனந்தி வாசலை மறித்தார்.

"ஏ ஆனந்தி, நாங்க என்ன பொண்ணு பாக்கவா வந்துருக்கோம்? அஞ்சு நிமிசச் சோலி. வெரசாப் போயிருவோம்."

குரல் கேட்டு லாவண்யாவே வெளியே வந்துவிட்டார். ஒரு மணி நேரம் ஜெபித்தார்கள். முடிவில் அன்னக்கொடி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். விதியைச் சொல்ல ஆனந்தி வாய் திறந்தார். அதற்குள் லாவண்யா கண்ணை மூடிவிட்டார். பத்து நிமிடம், ஓரிடத்திலும் தடுக்காமல், கிராமத்துக்காக, அனுப்பிய சபைக்காக, அங்கிருந்த ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்காகவும் ஜெபித்தார். இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். சகோதரியைப் பிடித்திருந்த கட்டு அவிழ்ந்தது என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

"ஒம்பது வருசப் பழக்கம்க்கா. வாய் அதுபாட்டுக்குச் சொல்லும்" என்றார் லாவண்யா, சமையலறையில்.

கட்டு அவிழ்ந்த செய்தியும் வந்த வழியே போனது. புதன்கிழமை மிஷன் அலுவலகத்திலிருந்து இல்லத்துக்குப் போன் வந்தது. கிராமத்தில் நர்ஸ் இல்லை. சகோதரி தேறிவிட்டதாகக் கேள்விப்பட்டோம், இப்போதே திரும்பலாமா? பேசியவர் கெட்டவரல்ல. உண்மையிலேயே நன்றாக இருக்கிறாரா என்று ஆனந்தியிடம் இரண்டு முறை கேட்டார். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்குச் சமையலறையில் கேட்டதை இன்னொரு முறை வெளியே சொல்ல வேண்டும். லாவண்யா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நாளில் பதினான்கு முடிந்திருந்தது.

"அவங்களையே கேளுங்கய்யா" என்று போனைக் கொடுத்தார் ஆனந்தி.

"நல்லா இருக்கேங்கய்யா" என்றார் லாவண்யா.

வியாழன் காலை பேருந்து நிறுத்தத்தில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, தான் அலுவலகத்துக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஆனந்தி ஆரம்பித்தார். "நீங்க குளிர்ல நிக்காதீங்கக்கா" என்று சொல்லி லாவண்யா ஏறிக்கொண்டார்.

மறுநாள் ஜெபக்குழுவில் முறை சுற்றி வந்தது. "ஒன் குறிப்பு என்ன ஆனந்தி?" என்றார் அன்னக்கொடி. எல்லோரும் காத்திருந்தார்கள். ஆனந்தியிடம் ஒரே ஒரு குறிப்புதான் இருந்தது. அது போன வாரத்துக் குறிப்பேதான்.

"ஒண்ணுமில்ல" என்றார் ஆனந்தி.

அன்னக்கொடி முந்தைய பக்கத்தைப் புரட்டி, அந்தச் சகோதரிக்கான குறிப்புக்கு நேரே 'பதில் கிடைத்தது' என்று எழுதினார்.