மாரிசெல்வி அறுக்கச் சொன்ன செம்புக் குழாய்

காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டுவிட்டு வந்து பார்த்தால், ஆறாம் நம்பர் ரூம் குழாய் திறந்து கிடக்கிறது. அடியில் குடம் இல்லை, பக்கெட் இல்லை. தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. பக்கத்தில் மாரிசெல்வி செல்போனில் மணி பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

“இன்னாமா இது? தண்ணிய யாருக்கு வுட்டுக்கினு கீறே?”

“அஞ்சு நிமிசம் அண்ணாச்சி. மூணு ஆயிட்டு. இன்னும் ரெண்டுதான்.”

“இன்னா, பரீட்சையா எய்தறே? மூடு கொயாவ!”

“மூட மாட்டேன். வேணும்னா ரூமைக் காலி பண்ணச் சொல்லுங்க.”

என் இடத்தில், என் குழாயடியில் நின்று என்னிடமே சொல்கிறாள். அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். 2013ஆம் வருடம், பங்குனி மாதம், போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கியிருந்த நேரம். என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு படுத்தியவர் வேறு யாரும் கிடையாது.

நான் யார் என்பதைச் சொன்னால்தான் அவள் செய்தது புரியும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். தண்டலம் ஹைவேயில் முப்பது வருடம் லாரி ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைத்தேன். பெங்களூரிலிருந்து வரும் லாரி வேலூரில் ஒழுக ஆரம்பித்தாலும், டிரைவர் வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு என் பட்டறைக்குத்தான் வந்து சேர்வான். பிள்ளைப்பாக்கத்தில் ரேடியேட்டர் பலராமன் என்றால் பால் பூத்திலேயே வழி சொல்வார்கள். அப்பன் சொத்து என்று ஒரு செங்கல் இல்லாமல், கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட வரிசையாக ஆறு ரூம் கட்டினேன்.

மற்றவன் பிளாஸ்டிக் குழாய் போடுவான். இரண்டு வெயிலில் வெடித்துவிடும். நான் போட்டது செம்புக் குழாய். ஒரு கம்பெனி பழைய ஷெட்டைப் பிரித்தபோது மொத்தமாக எடுத்தேன். செம்பில் நின்ற தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்லும், ஆனால் வாடகைக்காரனுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். நாற்பத்தேழு மூட்டு. அத்தனையும் நானே பற்றவைத்தேன். ஒரு மூட்டில் ஒரு சொட்டு ஒழுகியது கிடையாது.

மாரிசெல்வி சங்கரன்கோயில் பக்கம். பன்னிரண்டாவது முடித்த கையோடு, ஊரில் ஆள் எடுக்க வந்தவர்களிடம் பெயர் கொடுத்து, ஒரு பையோடு ஸ்ரீபெரும்புதூரில் வந்து இறங்கியவள். செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கல். சேர்ந்த மூன்றாம் மாதம், சூப்பர்வைசர் ஓகே சொன்ன சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். லைன் இருபது நிமிடம் நின்றது. பஸ்ஸில் வந்த பெண்களெல்லாம் அவளைத் திட்டினார்கள். பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. அதோடு தரம் பார்க்கிற வேலைக்கே அவளை மாற்றிவிட்டார்கள். அவள் புருஷன் இசக்கி இதை என்னிடம் பெருமையாகச் சொன்னான். நான் அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும்.

இசக்கி ஒரகடத்தில் லாரிக்கு அச்சு செய்கிற கம்பெனியில் இருந்தான். வாய் திறக்காத பிள்ளை. குழந்தை கவியா பிறந்ததும் இவள் வேலையை விட்டாள். கடைசி ரூம், ஆறாம் நம்பர், அவர்களுக்கு. மற்ற ஐந்திலும் கல்யாணமாகாத பையன்கள். அவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கம்பெனி கேன்டீனில். எனக்கும் என் வீட்டுக்காரி செங்கமலத்துக்கும் எங்கள் வாசலில் கைப்பம்பு. ஆக, அந்தக் குழாய்த் தண்ணீரைக் காலை முதல் ராத்திரி வரை குடித்தவர்கள் தாயும் பிள்ளையும்தான்.

செங்கமலத்துக்கு ஒரு சட்டம் உண்டு. விடிந்ததும் குழாயில் வருகிற முதல் தண்ணீர் குடிக்கிற குடத்துக்கு. யார் கையும் படாத தண்ணீர், சுத்தமான தண்ணீர். அதற்குப் பிறகுதான் பாத்திரம், துணி, குளியல் எல்லாம். ரூமுக்கு வந்த முதல் நாளே மாரிசெல்விக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஊரில் அவள் அம்மா வைத்திருந்ததும் இதே சட்டம்தானாம். இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் அப்படியே பிடித்தாள்.

கவியாவுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. அம்மா என்பதோடு சரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பும். பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்றார்கள். இவள் சாதாரணமாகக் காய்ச்சுவாளா? பாதியாகச் சுண்டும் வரை காய்ச்சினாள். பிள்ளை இன்னும் வெளுத்துப்போனது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருபத்துநாலு இருந்தது. பிள்ளைகளுக்கு ஐந்து வந்தாலே யோசிக்க வேண்டுமாம். காரீயம் மூளைக்குப் போகும், பேச்சையும் படிப்பையும் கெடுக்கும், எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடித்து நிறுத்துங்கள், தண்ணீரையும் பாருங்கள், அதுவரை குழாயை அஞ்சு நிமிடம் திறந்துவிட்டுப் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதற்கு மறுநாள்தான் நான் சொன்ன அந்தச் சாக்கடைச் சண்டை. பிள்ளை விஷயம் எனக்கு அப்போது தெரியாது. அவளும் சொல்லவில்லை. கையில் ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்பது கம்பெனியில் பழகிய பழக்கமாம்.

அந்த வாரமே வரிசையாகப் பாட்டில்களை அடுக்கினாள். தொட்டித் தண்ணீர் ஒன்று. அவள் குழாயில் விடிந்ததும் முதலில் வந்தது ஒன்று. அஞ்சு நிமிடம் விட்டபின் பிடித்தது ஒன்று. முதல் தண்ணீரைக் காய்ச்சியது ஒன்று. ஒவ்வொன்றிலும் தேதி, மணி எழுதி ஒட்டினாள்.

“இன்னாடா இசக்கி, உன் வூட்டுக்காரி ஊறுகாய் வியாபாரம் பண்ணப் போறாளா?” என்று கேட்டேன்.

“என்கிட்ட கேக்காதிய அண்ணாச்சி. நான் ஏதாச்சும் சொன்னா எம் மேலயும் லேபிள் ஒட்டிருவா.”

பஸ் ஏறி கிண்டிப் பக்கம் தண்ணீர் சோதிக்கிற ஒரு லேபில் கொடுத்துவிட்டு வந்தாள். பத்து நாள் கழித்து ஒரு தாளோடு என் வாசலுக்கு வந்து நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் மெதுவாகத்தான் கேட்டாள்.

“அண்ணாச்சி, இந்தக் குழாயை நீங்களா பத்த வச்சிய?”

“பின்ன? இந்த மாரி மூட்டு மெட்ராசுலயே எவனும் போட மாட்டான்.”

“பத்த வைக்க என்ன போட்டிய?”

“வெள்ளீயம் பாதி, காரீயம் பாதி. கடையில விக்கிற கம்பியெல்லாம் தொட மாட்டேன். நானே உருக்கி நானே கலந்தது. அது ஒரு கைப்பதம்மா, உனக்குப் புரியாது.”

அவள் கையிலிருந்த தாளை என் கையில் கொடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான், எண் மட்டும் நன்றாகத் தெரியும். தொட்டியில் காரீயம் ஒன்றும் இல்லை. முதல் தண்ணீரில் அறுபத்திரண்டு. அஞ்சு நிமிடம் விட்டதில் ஏழு. காய்ச்சியதில் நூற்றுப் பத்து. பத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று கீழே போட்டிருந்தது.

“ராத்திரி பூரா ஒங்க மூட்டுல நிக்கித தண்ணியத்தான் விடிஞ்சதும் எம் புள்ளைக்குக் குடுத்திருக்கேன். காய்ச்சினா தண்ணிதான் ஆவியாப் போவுது, காரீயம் சட்டியிலயே நிக்கி. சுண்டச் சுண்டக் காய்ச்சிக் குடுத்தேனே, பாவி.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, அவள் மேல் காட்டினேன்.

“நானும் முப்பது வருசம் ஈயத்துலயே பொரண்டவன். எனக்கு இன்னா ஆச்சு? கல்லு மாரி கீறேன். அஞ்சு நிமிசம் வுட்டுட்டுப் புடி, ஏயுதானே வருது? மோட்டாரை நான் போடறேன். கொயா மேல கை வெக்காதே!”

“எங்க கம்பெனியில காரீயம் கலந்த கம்பி ஒரு துண்டு உள்ள வந்தாலே லைனை நிப்பாட்டுவாக. வெளிநாட்டுக்காரன் காதுல வைக்கித போன்ல காரீயம் ஆவாதாம். எம் புள்ள வயித்துல இருக்கலாமா? ஒரு நாள் நான் தூங்கிட்டா? நாளைக்கு இந்த ரூமுக்கு வேற ஒருத்தி கைப்புள்ளையோட வந்தா, அவளுக்கு யார் அஞ்சு நிமிசம் எண்ணுவா?”

உள்ளேயிருந்து செங்கமலம் வந்தாள். முதல் தண்ணீர் சட்டம் போட்டவள் அவள். கவியாவின் ரத்தத்தில் இருபத்துநாலு என்று மாரிசெல்வி சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“நீ அறுக்கிறியா, நான் அறுக்கட்டா?”

இரண்டு பெண்கள் சேர்ந்துவிட்டால் வீட்டில் ஆண்பிள்ளைக்கு என்ன மரியாதை? ஆக்சா பிளேடை எடுத்தேன். மூட்டை உருக்கிப் பிரித்தால் செம்பு முழுசாகக் கிடைக்கும் என்று ப்ளோ லாம்ப்பைப் பற்றவைக்கப் போனேன். அதுவும் கூடாதாம், புகையிலும் காரீயம் வருமாம். இரண்டு நாள் குனிந்து அறுத்தேன். நாற்பத்தேழு மூட்டும் மூட்டையில் கிடந்தபோது, பெற்ற பிள்ளையை அடித்தது போல இருந்தது எனக்கு. சும்மா சொல்லவில்லை, ஒவ்வொன்றும் தங்கக் காசு மாதிரி பளபளவென்று இருந்தது உள்ளே. புதுப் பிளாஸ்டிக் குழாய் வாங்கக் கடைக்கும் அவளே வந்தாள். சில பிளாஸ்டிக்கிலும் காரீயம் கலப்பார்களாம். கடைக்காரரை ஐந்து கட்டுப் பிரிக்கவைத்து, காரீயம் இல்லை என்று அச்சடித்ததைப் படித்த பிறகுதான் எடுத்தாள். அந்தக் கடைக்காரர் இன்னும் என்னைப் பார்த்தால் ஷட்டரை இறக்குவது போலச் செய்வார்.

மூன்று மாதம் கழித்துக் கவியாவுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பதினைந்து. இன்னும் இறங்கும், நேரம் எடுக்கும், பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. சாயங்காலம் மாரிசெல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்ல வந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தோடு விட்டது என்று நானும் மூச்சு விட்டேன்.

“அண்ணாச்சி, வேற யார் வீட்டுக்கெல்லாம் பத்த வச்சுக் குடுத்திய?”

பாருங்கள், அதை மட்டும் கேட்காமல் போயிருக்கலாம். இருந்தது ஒரே ஒரு இடம். என் குழாயைப் பார்த்து ஆசைப்பட்ட என் பங்காளி நாகப்பன், மிச்சச் செம்பை வாங்கித் தன் நாலு ரூமுக்கும் என்னையே போடச் சொல்லியிருந்தான். அங்கே ஒருத்தி எட்டு மாத கர்ப்பிணி.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் நாகப்பன் வாசலில் நின்றோம். தாளை மாரிசெல்வி நீட்டினாள். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“யோவ் பலராமா, உனக்கு இன்னா ஆச்சு? நீ போட்ட மூட்டுயா அது! அஞ்சு வருசமா ஒரு சொட்டு ஒய்கல. உன்ன மாரி வேலைக்காரன் இந்த ஜில்லாவுலயே கெடையாதுன்னு ஊரெல்லாம் நான் சொல்லிக்கினு கீறேன். நீயே வந்து அறுக்கணும்ன்றே?”

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாரிசெல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அந்தக் கர்ப்பிணிப் பெண் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

“என் வேலதான்டா அது. அதான் சொல்றேன்,” என்று கத்தினேன். “அந்த மூட்டுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. தள்ளு.”

அவனைத் தாண்டி உள்ளே போய், அந்தப் பெண்ணிடம் குடத்தைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டு, முதல் மூட்டில் பிளேடை வைத்தேன். நாகப்பன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மாரிசெல்விதான் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் சும்மா இருக்கவில்லை, கோணலாக அறுக்கிறேன் என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தாள்.