அம்மாவின் கற்பூரமணி

புதுச்சத்திரத்து வீட்டில் அன்று இருந்தவர்கள் அக்கா, அவள் மாமியார், தூளியில் மூன்று மாதக் குழந்தை, நான். அக்காவின் கணவர் முட்டை லோடோடு நாமக்கல் போயிருந்தார். அம்மா இல்லை. பேரனைப் பார்க்காமலே முந்தின வருடம் இறந்துவிட்டாள்.

தாய்மாமன் சீராகக் குழந்தை இடுப்பில் கட்ட, அம்மா கழுத்தில் கிடந்த தேன்நிறக் கற்பூரமணியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கொண்டுபோயிருந்தேன். மாமியார் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"கனமே இல்லீங்களே தம்பி. கல்லுன்னா சில்லுன்னு இருக்கோணும். இது பிளாஸ்டிக்குங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். செத்துப்போன அம்மா ஏமாளி என்று அந்த வீட்டில் பேராகிவிடக் கூடாது. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். ஆங்கிலத்தில் ஆம்பர் எனப்படும் இந்த மணியைப் பற்றி நூலகத்தில் படித்திருந்தேன். மணியைக் கம்பளியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளிடம் காட்டினேன். தாவி வந்து ஒட்டின.

"எஞ்சீப்புங்கூட இந்த வித்தை காட்டுமுங்க," என்றார் மாமியார்.

அதுவும் உண்மைதான். குண்டாவில் தண்ணீர் எடுத்து, முட்டை மிதக்கும்வரை உப்பைக் கரைத்தேன். மேலும் ஒரு பிடி போட்டேன். மணி மிதந்தது. என் சட்டையின் பிளாஸ்டிக் பொத்தானைப் பிய்த்துப் போட்டேன், மூழ்கியது. மாமியார் எட்டிப் பார்த்தார். கடைசியாக, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளையின் உள்விளிம்பை லேசாகத் தொட்டேன். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் இல்லை. குங்கிலியம் போட்டதுபோல் மணந்தது.

"நெசந்தானுங்க அத்தை! இது கல்லே இல்லீங்க. மரத்துல வடிஞ்ச பிசின், கோடிக்கணக்கான வருசம் மண்ணுக்குள்ள கெடந்து இறுகுனது. அதனாலதான் கனமில்லே."

அங்கேதான் தப்புச் செய்தேன்.

"பிசினுங்களா!" மாமியார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார். "எங்க காட்டு வேலாமரத்துல தெனமும் வடியுதே. அதைக் கோத்துக் கட்டத் தாய்மாமன் எதுக்குங்க?"

அக்கா மணியை வாங்கித் தன் கன்னத்தில் உருட்டினாள். சின்ன வயதில் அம்மா மடியில் படுத்து நாங்கள் இருவரும் மாறிமாறி அப்படித்தான் உருட்டுவோம். மார்கழியில்கூட அது சில்லிட்டதில்லை.

"கட்டு சாமி," என்றாள்.

கட்டினேன். மாமியார் அவிழ்க்கச் சொல்லவில்லை. "கூட வெள்ளியில ஒண்ணு இருந்தா நாலு பேரு பார்க்க நல்லா இருக்குமுங்க," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரமே நாமக்கல்லில் வெள்ளி அரைஞாண் வாங்கினேன். பிசின் என்று நான் வாயைத் திறந்ததற்கு ஆன செலவு, அந்தக் காலத்து நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.