அண்ணாவின் வலது கால்

அண்ணா தன்னுடைய டிரம்ஸை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது பாட்டுப் பதிவு செய்வதற்காக அல்ல. தன்னுடைய வலது காலை இனி நம்பலாமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகும் அவர் டிரம்ஸின் மேல் போட்ட துணியை எடுக்கவில்லை. கல்யாண வீடுகளில் அவரோடு வாசிப்பவர்கள் அழைத்தபோதெல்லாம் ஏதோ ஒரு சாட்டுச் சொன்னார். "கேட்டாலும் வாய் திறக்கிறார் இல்லை" என்று அண்ணாவின் மனைவி, என் மச்சாள், தொலைபேசியில் என்னிடம் அழுதார்.

பிறகு ஒருநாள் அவரே கேட்டார்.

"தங்கச்சி, ஒவ்வொண்டுக்கும் ஒரு மைக் வச்சுத் தனித்தனியா எடுப்பியா?"

"எடுக்கலாம். ஏன்?"

"எல்லாம் சேர்த்துக் கேட்டா, கையடி காலின்ர பிழையை மூடிப்போடும். எனக்குக் காலை மட்டும் கேக்கோணும். சரியில்லை எண்டா இதோட விடப்போறன்."

பாலையூற்றில் எங்கள் வீட்டின் பின்னறையில்தான் நான் விளம்பரக் குரல்களும் கோயில் பாட்டுகளும் பதிவு செய்கிறேன். டிரம்ஸ் அதற்குள் அடங்காது. விறாந்தைக்கு அடுத்த பெரிய அறையில் கதிரைகளை ஒதுக்கி, சுவரோடு மெத்தைகளைச் சாய்த்து இடம் பண்ணினேன். கிண்ணியாவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒரு நண்பரிடம் மைக்குகள் இரவல் வாங்கினேன். வலது காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்முக்குள் ஒன்று, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று, சிம்பலுக்கு மேலே இரண்டு. இரைச்சல் பதிவாகாமல் இருக்கக் குளிர்சாதனப் பெட்டியையும் மின்விசிறியையும் நிறுத்தியதும் அறை வெந்தது.

அண்ணா கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாதக்கணக்காகத் தொடாத கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். முடித்தபோது அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"இப்ப காலைப் போடு."

கணினியில் மற்ற மைக்குகளின் ட்ராக்குகளை எல்லாம் மூடிவிட்டு, காலின் ட்ராக்கை மட்டும் ஒலிக்கவிட்டேன். தொடக்கத்தில் உறுதியாக விழுந்த அடி, போகப்போக மெலிந்தது. நடுவில் பிந்தத் தொடங்கியது. கடைசிப் பகுதியில் சில அடிகள் இருக்கின்றனவா என்றே சந்தேகமாக இருந்தது. நான் நிறுத்தப் போனேன்; அவர் கையைக் காட்டித் தடுத்தார். முழுவதையும் கேட்டார்.

"நான் பயந்தது சரிதான்" என்றார். "வாசிக்கேக்கையே தெரிஞ்சது. கால் எட்டேல்ல."

அவர் எழுந்து போய் சிம்பலைக் கழற்றத் தொடங்கினார். தேத்தண்ணியோடு வந்த மச்சாள் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து, மைக்கை எடுக்கலாம் என்று நான் பெரிய டிரம்முக்கு முன்னால் குனிந்தேன். மைக் தண்டு உள்ளே இடித்துக்கொண்டு கோணலாக நின்றது. நான் அப்படி வைக்கவில்லை. தரையைப் பார்த்தேன். தரையில் பதித்த டைல்ஸ்களுக்கு நடுவே ஓடும் ஒரு கோட்டோடு ஒட்டித்தான் அந்த டிரம்மை வைத்திருந்தோம். இப்போது அது கோட்டைத் தாண்டி ஒரு சாணுக்கும் மேல் முன்னுக்குப் போயிருந்தது.

"அண்ணா, எட்டேல்ல எண்டு சொன்னீங்கள், எப்பிடி எட்டேல்ல?"

"கால் சுருங்கின மாதிரி. நீட்டி நீட்டி அடிச்சனான்."

"கால் சுருங்கேல்ல. டிரம்தான் மிதியோட உங்களை விட்டுட்டு நடந்து போயிருக்கு. இஞ்ச பாருங்கோ!"

அவர் சிம்பலைக் கையில் பிடித்தபடியே வந்து பார்த்தார். மேடைகளில் எப்போதும் தரைவிரிப்பு இருக்கும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் அவர் ஒருநாளும் வாசித்ததில்லை. அந்தக் காலைப் பற்றிய பயத்தில், வேறு எதுவும் பிழைத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான்.

மச்சாள் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுப் படுக்கையறைக்கு ஓடினார். அங்கே கிடந்த கனத்த விரிப்பை அவரே இழுத்து வந்தார். அண்ணா இருக்கும் ஸ்டூலின் கீழ் ஒரு நுனி வருமாறு அதை டிரம்ஸுக்கு அடியில் விரித்து, டிரம்முக்கு முன்னால் குசினியிலிருந்த அரிசி மூட்டையை அண்டக்கொடுத்தோம்.

"இன்னொருக்கா" என்றேன்.

"கை உளையுது."

"உளையட்டும். காலைத்தானே கேக்கப்போறம்."

இரண்டாவது தடவை வாசித்து முடிந்ததும் மூவரும் கணினிக்கு முன்னால் நின்றோம். அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து விழுந்தது. நடுப்பகுதியைத் தாண்டியும் மெலியவில்லை. முடிவு வரைக்கும் அப்படியே. ஓரிடத்தில் மட்டும் ஓர் அடி முந்தி விழுந்தது. நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது என்ர பழைய பிழை. கால் முறியிறதுக்கு முதலே இருந்தது."

மச்சாள் அப்படியே தரையில் குந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. நல்லாயிருக்கோ இல்லையோ?"

"நல்லாயிருக்கு, மச்சாள்."

அண்ணா அந்த ஒற்றை ட்ராக்கை மட்டும் தன் குழுவில் கீபோர்ட் வாசிப்பவருக்கு அனுப்பச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கீபோர்ட்காரர் தொலைபேசியில் வந்தார்.

"இதென்னடாப்பா, ஆரோ கதவைத் தட்டுறாங்கள்?"

"நான்தான்" என்றார் அண்ணா. "அடுத்த கல்யாணத்துக்கு வாறன்."