எதிரே யாரும் வராத வளைவு

என் மனைவி முருகேஸ்வரி கூக்காலிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டை ஏற்றிப் பிக்கப் வண்டி ஓட்டுகிறவள். கல்யாணமான புதிதிலிருந்தே ஓட்டுகிறாள். ஆனால் அவள் ஓட்டி நான் பார்த்ததில்லை. பொய்யில்லை. வண்டியில் ஏறினால் பூம்பாறை தாண்டுவதற்குள் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். மலையில் பிறந்தவனுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்றால் எவன் நம்புவான்? அதனால் நான் பூண்டுக் காட்டோடு சரி. அவள் கிளம்புவதைப் பார்ப்பேன். முதல் வளைவிலேயே மறைந்துவிடுவாள். அதற்குப் பிறகு எல்லாம் காதால்தான்.

எங்கள் பாதையில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறதென்று தெரியாது. ஹாரன் அடிக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பதில் ஹாரன் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். பிறகுதான் திரும்பலாம். சாயங்காலம் அவள் வரும்போது அந்த ஹாரன் கீழே எங்கோ தொடங்கி, வளைவு வளைவாக மேலே ஏறி வரும். காட்டில் நின்றபடியே கேட்டுவிட்டு, கையைக் கழுவி உலை வைப்பேன்.

ஒரு மழைநாளில் பாதி மலையில் ஹாரன் நின்றுபோனது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆக்ஸில் உடைந்து வண்டி ஓரமாக நின்றது. இவள் ஒரு கல்லில் உட்கார்ந்து பிளம்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "எதுக்கு இப்படி எளைக்க எளைக்க ஓடியாறீங்க?" என்று வேறு கேட்டாள். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இவளுக்குத்தான் ரேஸ் ஆசை வந்தது. கிளப்பிவிட்டவர் பழனி பஜாரில் டயர் கடை வைத்திருக்கும் ரஷாத். சண்முகநதிக்கு அந்தப் பக்கம் தரிசு நிலத்தில் முட்டை வடிவத்தில் ஒரு மண் தடம் போட்டிருந்தார்கள். ஸ்டாக் கார் ரேஸாம். கம்பெனி கொடுத்தபடியே இருக்கிற கார்தான் ஓடலாம். ஹாரன் உட்பட எதையும் கழற்றக் கூடாது. சனிக்கிழமை ஒவ்வொருவரும் தனியாக ஓடிக் காட்ட வேண்டும். காலையில் ஒரு வாய்ப்பு, மத்தியானம் ஒரு வாய்ப்பு. ஏதாவது ஒரு சுற்றில் குறித்த வேகம் வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை ரேஸில் இடம். "கார் நான் தர்றேன், ஓட்டுறதுக்கு அக்கா இருக்காங்க" என்று ரஷாத் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்த மாதம் முழுவதும் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"அந்த ரோடு எங்கதாங்க போகுது?" என்பாள், சோற்றைப் பிசைந்தபடி.

"எங்கயும் போகல. கெளம்புன எடத்துக்கே வருது."

"எதுக்க வண்டி?"

"வராது."

"எதுக்க வண்டியே வராத ரோடு!" என்று பிசைந்த சோற்றிலேயே கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். "அஞ்சாவது கியரு ஒண்ணு இருக்குன்னு கம்பெனிக்காரன் சொல்றான். நான் போட்டதே இல்லீங்க. அங்க போடலாம்ல?"

கோயிலுக்கு நேர்ந்துகொண்டவள் மாதிரி இருந்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. சனிக்கிழமை வெள்ளனே எழுந்து, கையில் எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏறினேன். பழம் பாதி வழியில் தோற்றுப்போனது.

காலை ஓட்டம் கண்றாவி. நேர்த் தடத்தில் அம்பாகப் பறந்தவள், வளைவு வந்ததும் ஹாரனை அடித்தாள், காலை எடுத்தாள், கார் வேகம் செத்துப் படுத்துவிட்டது. அடுத்த வளைவிலும் அதே கதை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவன் திரும்ப ஹாரன் மாதிரியே கத்திக் காட்டினான். அவனை நாலு சாத்து சாத்தலாம் என்று வந்தது.

இறங்கி வந்தவள் முகம் சுண்டியிருந்தது.

"எதுக்க யாரும் வரமாட்டாங்கக்கா" என்றார் ரஷாத்.

"புத்திக்குத் தெரியுது தம்பி. காலுக்குத் தெரியலையே. பதில் வராம எப்படித் திரும்புறது?"

எனக்குச் சுருக்கென்றது. மழையில் மண் சரிந்து பாதை குறுகிப்போனால் எங்கள் ஊரில் ஒரு ஆள் இறங்கி வளைவில் நிற்பான். அந்தப் பக்கம் காலியென்றால் துண்டை வீசி 'வா வா' என்பான். அவனை நம்பி வண்டி திரும்பும்.

"நான் வளைவுல போய் நிக்கேன்" என்றேன்.

ரஷாத் வாயைப் பொத்திக்கொண்டார். வட்டமடிக்கிற தடத்தில் எதிரே வண்டி வரவில்லை என்று சொல்ல ஒரு ஆள்! ஆனால் முருகேஸ்வரி சிரிக்கவில்லை. "செவப்புத் துண்ட எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

மத்தியானம் தூரத்து வளைவில், வேலிக்கு வெளியே ஒரு பாறைமேல் ஏறி நின்றேன். கார் வந்தது. துண்டை வீசினேன். "வா! வா! வா!" ஹாரன் இல்லை. கால் எடுக்கவில்லை. என்னைத் தாண்டியபோது பாறை அதிர்ந்தது, வாயெல்லாம் மண். அப்போதுதான் உறைத்தது, எதிர்க்கோடி வளைவில் யார் இருக்கிறார்கள்? ஹாரன் கேட்டது. போச்சு.

அங்கே ஓட நேரமில்லை. ஆனால் இங்கிருந்தே அந்த வளைவு தெரிந்தது. எல்லாமே தெரிந்தது. நடுவில் மரமில்லை, பாறையில்லை, மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் அவள் அந்தக் கோடியை நெருங்கும்போது, துண்டை இரண்டு கையாலும் தூக்கி மைதானத்துக்கு இந்தப் பக்கமிருந்தே வீசினேன்.

ஹாரன் வரவில்லை.

ஊரில் ஹாரன் வராவிட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன். இப்போது ஓடவில்லை, ஏனென்றால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுக்குள் போனாள், மறையவில்லை. சரிந்தபடியே சுற்றி வந்தாள், மறையவில்லை. எஞ்சின் சத்தம் மாறியது, நான் கேட்டேயிராத சத்தம். அஞ்சாவது கியர்! இவளோடா நான் இத்தனை காலம் குடித்தனம் நடத்தினேன்? உடம்பெல்லாம் புல்லரித்து, துண்டை வீச மறந்து நின்றேன். அவள் அதற்குக் காத்திருக்கவுமில்லை.

கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. ரஷாத் ஆட்டம் போட்டார். அவள் காரைவிட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன். "கெளம்புனதுலருந்து வந்து சேர்ற வரைக்கும் பாத்தேன், ஈஸ்வரி."

அவளுக்குப் புரிந்தது. என் கையிலிருந்த துண்டை வாங்கி என் முகத்து மண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கும் அந்தப் பாறையிலயே நில்லுங்க" என்றாள். "துண்டு வேண்டாம். சும்மா நின்னு பாருங்க."